வட்டவாளுக்குக் கால்மிதி பூட்டலாமா?

கேள்வி: மாங்குளத்தில் சிறிய தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். 2 குதிரைவலு மோட்டாரில் பெல்ட் போட்டு ஓடும் வட்டவாள். சுவிட்ச் சுவரில் இருக்கிறது. பலகையை இரண்டு கையாலும் தள்ளும்போது வாள் இறுகினால் எட்டி நிறுத்த முடியவில்லை. வீட்டில் கிடக்கும் தையல் மெஷின் பெடலைப் பூட்டி, மிதித்தால் ஓடவும் காலை எடுத்தால் நிற்கவும் செய்யலாமா?

பதில்: அந்தப் பெடலை முதலில் மறந்துவிடுங்கள். ஏறக்குறைய 100 வாட் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கச் செய்த பொருள் அது. உங்கள் மோட்டாரோ 230 வோல்ட்டில் சும்மா ஓடும் நேரம் போக, மரம் அறுக்கையில் 9, 10 அம்பியர் இழுக்கும். புறப்படும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு. பெடல் புகைந்துவிடும்.

மிதித்து ஓட்டும் யோசனையும் எனக்கு உடன்பாடில்லை. நீண்ட பலகையை நடந்துகொண்டேதான் தள்ளுகிறோம். பெடல் நம்மோடு சேர்ந்து நகராது. ஒற்றைக் காலில் நின்று பாலை மரத்தைத் தள்ளினால் உடம்பு வாளை நோக்கித்தான் சாயும். கால் தவறி, அறுப்பின் நடுவில் வாள் நின்று, பதற்றத்தில் மறுபடி மிதித்தீர்களானால் வாட்பல் பலகையை உங்கள் வயிற்றை நோக்கி எறியும். பட்டறை நாய் பெடலில் ஏறிப் படுத்தாலும் வாள் சுழலும்!

ஆகவே ஓட்டுவது கையால், நிறுத்துவது காலால். சுவர்ச் சுவிட்சை விட்டு, தண்ணீர்ப் பம்பிக்குப் பூட்டுவதுபோன்ற ஸ்டார்ட்டர் ஒன்றை வாள் மேசையின் முன்காலில் பொருத்துங்கள். கரண்ட் போய்த் திரும்பி வந்தாலும், பச்சைப் பொத்தானை அமத்தும்வரை வாள் ஓடாது. இன்று உங்கள் பட்டறையில் அந்தக் காவல் இல்லை. பெடலைவிட எனக்குப் பெரிய கவலை அதுதான்.

சிவப்புப் பொத்தானின் முன்னால் தொங்கும்படி ஒரு பலகைத் துண்டைப் பிணைச்சலில் மாட்டுங்கள். அது முழங்கால்வரை நீளட்டும். பச்சைப் பொத்தானுக்கு நேரே விரல் நுழையுமளவு துளை போடுங்கள். முழங்காலால் தட்டினால் மோட்டார் நிற்கும். செலவு பிணைச்சல் விலைதான். நிலத்தில் வயரும் ஓடாது.

பெடல்தான் வேண்டுமென்றால், மிதிக்கும்போது மின்சுற்றைத் துண்டிக்கும் வகையை வாங்கி, நிறுத்தும் பொத்தானோடு தொடராக இணைக்கச் சொல்லுங்கள். அப்போது மோட்டாரின் மின்னோட்டம் பெடல் வழியே போகாது. தூளும் நீரும் புகாத பெடலாக இருக்கட்டும். மாரியில் கொட்டில் நிலம் ஈரமாகிவிடும். எர்த் இணைப்பையும், மின் கசிந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சையும் மின்வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள்.

மோட்டாரை நிறுத்தினாலும் வாள் உடனே நிற்காது. அது அசையாமல் நிற்கும்வரை பலகையை மேசையோடு அமத்திப் பிடித்திருங்கள், பின்னால் இழுக்கவேண்டாம். மறுபடி ஓட்டும்போது பல்லில் மரம் படக்கூடாது.

இனி, வாள் ஏன் இறுகுகிறது? அறுத்த பிளவு பின்னால் மூடி வாளைக் கவ்வுகிறது. வாளுக்குப் பின்னால் ஓர் உருக்குத் தகட்டை நேர்கோட்டில் பூட்டுங்கள். வாளின் உடலைவிடச் சற்றுத் தடிப்பாக, பல் அறுக்கும் அகலத்தைவிட மெல்லியதாக இருக்கவேண்டும். முழங்காலுக்கு வேலை மிகவும் குறைந்துவிடும்.