போர்டில் இருக்கும் நம்பர் போனில் காணோம்

கேள்வி: சென்னிமலையில் அப்பா பெட்ஷீட் கடை வைத்திருக்கிறார். கடை முகப்பில் மாட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் போர்டின் டிசைனையே ஃபேஸ்புக் பக்கத்துக்குக் கவர் படமாகப் போட்டேன். கம்ப்யூட்டரில் ஓரளவு பரவாயில்லை. செல்போனில் இடது ஓரத்து முருகனைக் காணோம், வலது ஓரத்து போன் நம்பரும் இல்லை. எழுத்தெல்லாம் கசங்கின மாதிரி தெரிகிறது. போர்டு செய்தவரைக் கேட்டால், "பெருசு பண்ணி அனுப்பறனுங்க, சரியாப் போயிருமுங்க" என்றார். அவர் அனுப்பியதைப் போட்டும் அதே கதைதான். தம்பி தறி ஓட்டுவதை யூடியூபில் போடுகிறான். அவனுக்கும் இதே படம் ஆகுமா?

பதில்: எவ்வளவு பெரிதாக்கினாலும் இது சரியாகாது. கோளாறு நீள உயரப் பொருத்தத்தில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய போர்டு 12 அடி நீளம், 4 அடி உயரம். உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம். ஃபேஸ்புக் தன் பக்கங்களின் கவர் படத்துக்குச் சொல்லும் அளவு கம்ப்யூட்டரில் 851க்கு 315 பிக்சல், செல்போனில் 640க்கு 360. முதலாவது உயரத்தைப் போல 2.7 மடங்கு நீளம், இரண்டாவது 1.78 மடங்குதான். செல்போன் உயரத்தை முழுசாக வைத்துக்கொண்டு பக்கவாட்டில் வெட்டும். உங்கள் போர்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4 அடி உயரத்துக்கு 7 அடி நீளம்தான் தெரியும். இந்தப் பக்கம் இரண்டரை அடி, அந்தப் பக்கம் இரண்டரை அடி போச்சு. முருகனும் நம்பரும் சரியாக அங்கேதான் நிற்கிறார்கள்.

டபுள் கட்டில் பெட்ஷீட்டை சிங்கிள் கட்டிலில் விரித்தால் இரண்டு பக்கமும் தொங்குமே, அந்த மாதிரிதான். தொங்குகிற துணியில் மயில் போட்டால் யார் கண்ணில் படும்?

அதனால் பழைய டிசைனை விட்டுவிட்டு, 1640க்கு 720 பிக்சலில் புதிதாக ஒரு படம் தொடங்குங்கள். கேன்வா என்கிற டிசைன் தளத்தில் 'கஸ்டம் சைஸ்' கொடுத்தால் போதும், இலவசக் கணக்கிலேயே கிடைக்கும். செய்து முடித்ததை வேறு அளவுக்கு மாற்றும் வசதிக்குத்தான் அங்கே பணம் கேட்பார்கள். முதலிலேயே அளவைச் சரியாக வைத்துவிட்டால் அது தேவைப்படாது. இந்தப் படத்தில் செல்போன் இடமும் வலமும் தலா 180 பிக்சல் வெட்டும், கம்ப்யூட்டர் மேலும் கீழும் தலா 60 பிக்சலுக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டும். ஆக நடுவில் 1280க்கு 600 பத்திரமான இடம். முக்கியமானது எல்லாம் அதற்குள். ஓரத்தில் வெறும் துணி மட்டும் ஓடட்டும், வெட்டினாலும் நஷ்டமில்லை. இடது கீழ் மூலையையும் சும்மா விடுங்கள், புரொஃபைல் படத்தின் வட்டம் அங்கே ஏறி உட்காரும். சித்தப்பா கடைக்கு நான் முதன்முதலில் செய்து கொடுத்த கவரில் அந்த வட்டம் குழந்தை முகத்தின் மேலேயே உட்கார்ந்தது. பெரிய மானிட்டரில் டிசைன் செய்துவிட்டு பக்கத்தில் ஏற்றிப் பார்க்காமல் விட்டதன் பலன்.

என்ன வைப்பது என்பதில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். போர்டை ரோட்டில் போகிறவர் பார்க்கிறார், அவருக்கு நம்பர், கடைப் பெயர், 'மொத்தம் மற்றும் சில்லறை' எல்லாம் வேண்டும். உங்கள் பக்கத்துக்கு வந்தவருக்குப் பெயர் கீழேயே இருக்கிறது, தொட்டால் உங்கள் நம்பருக்கு அழைப்பு போகிற பட்டனும் வைக்கலாம். கவரில் துணியைக் காட்டுங்கள். ஒரு நல்ல போட்டோ, தேவையானால் ஒரே ஒரு வரி.

துணியைப் படம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பொடிக் கட்டம், நெருக்கமான கோடு போட்ட பெட்ஷீட்டை முழுசாக விரித்து எடுத்துச் சின்னதாக்கினால், நெய்யாத அலை அலையான கோடுகள் படத்தில் முளைக்கும். இழைகளைத் தனித்தனியாகக் காட்ட பிக்சல் போதாமல் வருகிற வினை அது. மடித்து அடுக்கிய நாலைந்து பெட்ஷீட்டைக் கிட்டப் போய், இழை தெரிகிற மாதிரி எடுங்கள். காலையில் வாசல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

எழுத்து கசங்கியதற்குக் காரணம் ஒன்றல்ல. போர்டுக்காரர் படத்தை வாட்ஸாப்பில் போட்டோவாக அனுப்பியிருப்பார். அங்கேயே பாதி உயிர் போயிருக்கும். அதற்கு மேல் அவர் பெரிதாக்கியது வெறும் ஊதல்தான். எந்தப் படத்தையும் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அடுத்தது, ஜேபெக் என்கிற வழக்கமான போட்டோ கோப்பு வகை பொதுவாக நிறத்தை வெளிச்சத்தைவிடக் குறைந்த துல்லியத்தில்தான் சேமிக்கும். அடர்த்தியான சிவப்பு எழுத்து முதலில் அடிபடுவது அதனால்தான், உங்கள் போர்டிலோ எழுத்தே சிவப்பு. எழுத்து உள்ள படத்தை பிஎன்ஜி வகைக் கோப்பாக ஏற்றுங்கள். வெறும் போட்டோ என்றால் ஜேபெக் போதும். அச்சுக்காக சிஎம்ஒய்கே நிறத்தில் செய்த கோப்பை அப்படியே ஏற்றினால் மஞ்சள் வேறு மஞ்சளாகத் தெரியும். திரைக்கான நிறமுறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிக் கேளுங்கள்.

போட்டோஷாப்பில் நீங்களே தமிழில் அடித்தால் 'கொ'வில் கொம்பு இடம் மாறி நிற்கிறதா? சில பதிப்புகளில் விருப்பத்தேர்வுகளின் 'டைப்' பகுதியில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் பழைய பதிப்பில் அது தெற்காசிய மொழிகள் என்ற பெயரில் இருக்கும். அப்புறம் புதுக் கோப்பில் அடித்துப் பாருங்கள். போட்டோஷாப் மாதிரியே இருக்கும் ஜிம்ப் மென்பொருளில் இந்தத் தொல்லையே கிடையாது, காசும் கிடையாது.

தம்பிக்கு இதே படம் ஆகாது. யூடியூப் பேனருக்குக் குறைந்தது 2048க்கு 1152 வேண்டும், கோப்பு 6 எம்பிக்குள் இருக்கணும். டிவியில் முழுப் படமும் தெரியும்; செல்போனில் நடுவில் ஒரு பட்டைதான், அதனால் எழுத்தை 1235க்கு 338க்குள் அடக்க வேண்டும். தறியை நீளவாக்கில் எடுத்தால் அந்தப் பட்டைக்குள் அழகாகப் பொருந்தும். உங்கள் 12க்கு 4 போர்டு அச்சு அசலாகப் பொருந்துவது எக்ஸ் தளத்தின் தலைப்புப் படத்துக்குத்தான், அது 1500க்கு 500. சென்னிமலை பெட்ஷீட்டை அங்கே யார் வாங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

புதுக் கவரை ஏற்றியதும் அப்பாவின் செல்போனில் ஒரு தரம் திறந்து பாருங்கள். அப்புறம் அந்தப் படத்தைத் தொட்டு, அதன் குறிப்பில் கடை முகவரியையும் போன் நம்பரையும் எழுதிவிடுங்கள். போர்டில் வெட்டுப்பட்ட நம்பர் அங்கே முழுசாக இருக்கும்.