சாசேஜ் கிரேவி பசை மாதிரி ஆகாமல் எப்படிச் செய்வது?

கேள்வி: அமெரிக்க உணவகங்களில் காலையில் பிஸ்கட்டோடு தரும் வெள்ளை சாசேஜ் கிரேவியை வீட்டில் செய்து பார்த்தேன். சாசேஜை வறுத்து எண்ணெயை வடித்துவிட்டு, மைதாவைப் பாலில் கரைத்து ஊற்றினேன். கட்டி கட்டியாக, மாவு வாசத்தோடு வந்தது. எங்கே தவறு?

பதில்:

எண்ணெயை வடித்தீர்களே, அங்கேதான். அந்தக் கொழுப்புதான் இந்தக் கிரேவிக்கு அஸ்திவாரம். அதில் மைதாவை வறுத்த பிறகுதான் பாலே உள்ளே வர வேண்டும். பாலில் கரைத்து ஊற்றினால் மாவு வேகும், ஆனால் வறுபடாது. பச்சை வாசம் அப்படியே நிற்கும்.

நான் இருப்பது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிழக்குப் பக்கம். சனிக்கிழமை காலை இங்கே எந்த டைனருக்குள் போனாலும் பாதி மேசைகளில் இதுதான் இருக்கும். பிஸ்கட்டை இரண்டாகப் பிட்டு, மேலே மிளகுப் புள்ளிகளோடு கிரேவியைத் தாராளமாக ஊற்றித் தருவார்கள். (டீயில் தொட்டுச் சாப்பிடும் பிஸ்கட் இல்லை, பட்டர்மில்க் விட்டுப் பிசைந்து ஓவனில் சுடும் மெத்தென்ற குட்டி ரொட்டி.) அப்பலாச்சிய மலைப்பகுதியில் இதற்கு ‘சாமில் கிரேவி’ என்றும் பெயர் உண்டு. சாமில் என்றால் மரம் அறுக்கும் ஆலை; அங்கே நாள் முழுக்க உடம்பை முறித்தவர்களுக்குப் போட்ட சாப்பாடு என்பார்கள். கொஞ்சம் இறைச்சி, கொஞ்சம் மாவு, நிறையப் பால். பத்துப் பேர் வயிறு நிரம்பும். கையில் இருப்பதை வைத்துச் சமாளித்த சமையல் இது. கொழுப்பைக் கொட்டுவது அந்தச் சமையலறைகளில் நடக்கிற காரியமே இல்லை.

சாசேஜ் விஷயத்துக்கு வருவோம். தோலுக்குள் அடைத்து, ஏற்கெனவே வேகவைத்து வரும் சாசேஜ் இதற்கு உதவாது. ‘பிரேக்ஃபாஸ்ட் சாசேஜ்’ என்று பிளாஸ்டிக் உறையில் உருளையாக, பச்சைக் கொத்துக்கறியாக வரும். ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம். ஜிம்மி டீன், பாப் எவன்ஸ் என்ற இரண்டு பிராண்டுகளும் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். ‘சேஜ்’ என்று போட்டிருப்பதை எடுங்கள், அந்த இலையின் வாசம்தான் இதற்கு அடையாளம். கொழுப்புக் குறைத்த வகையையும் வான்கோழி சாசேஜையும் தொடாதீர்கள். வேறு வழியில்லை என்றால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி வெண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அது கிடைக்காத ஊரில் இருந்தால், கொழுப்போடு அரைத்த பன்றிக் கொத்துக்கறி அரைக் கிலோவுக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒன்றரை டீஸ்பூன் காய்ந்த சேஜ் இலை, ஒரு டீஸ்பூன் மிளகுத்தூள், அரை டீஸ்பூன் வரமிளகாய்ச் சில்லு, துளி பழுப்புச் சர்க்கரை பிசைந்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். ஏறக்குறைய அதே ருசி வரும்.

கனமான இரும்புச் சட்டி இருந்தால் நல்லது. மிதமான தீயில் சாசேஜை உதிர்த்துப் போட்டு, உடனே கிளறாமல் அடிப்பக்கம் சிவக்க விடுங்கள். பிறகு உடைத்துப் பிரட்டி, எங்கும் இளஞ்சிவப்பு தெரியாமல் போகும் வரை வறுங்கள். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டிப் பிடிக்கும். அதைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள், கிரேவியின் ருசி பாதி அதில்தான் இருக்கிறது; பால் ஊற்றியதும் தானாக விட்டுக்கொண்டு வரும்.

இப்போது சட்டியில் மூன்று நான்கு மேசைக்கரண்டி கொழுப்பு நிற்க வேண்டும். குறைந்தால் வெண்ணெய் போடுங்கள். இறைச்சியை எடுக்காமலே அதன் மேல் கால் கப் மைதாவைப் பரவலாகத் தூவிப் பிரட்டுங்கள். வெள்ளையாக ஒரு துளி மாவுகூடத் தெரியக் கூடாது. கொழுப்பு ஒவ்வொரு துகளையும் பூசிக்கொண்டால்தான் பால் பட்டதும் மாவு ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டாது. இரண்டு நிமிடம் வறுத்தால் பச்சை வாசம் போய் லேசாக மணக்கும். அதற்கு மேல் சிவக்க வறுத்தால் கெட்டியாக்கும் சக்தி மாவுக்குக் குறைந்துவிடும், நிறமும் மங்கும்.

பால் மூன்று கப், கொழுப்பு நீக்காத பால். முதலில் அரை கப் மட்டும் ஊற்றிக் கிளறுங்கள். சட்டியில் இருப்பது களி போல இறுகும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆகும். அது ஒரே சீராக ஆனதும் அடுத்த அரை கப், பிறகு மீதியை நிதானமாக. பால் குளிர்ந்ததா சூடானதா என்று நிறையப் பேர் சண்டை போடுவார்கள்; கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுகிறவர்களுக்கு எதுவாக இருந்தாலும் ஒன்றுதான்.

கொதி வருகிறவரை கெட்டியாகாது. அந்த நேரத்தில் அவசரப்பட்டு இன்னொரு கரண்டி மாவு போடுவதால்தான் பல வீடுகளில் பசை உருவாகிறது. குமிழி விட ஆரம்பித்ததும் தீயைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் ஐந்தாறு நிமிடம் கிளறுங்கள். கரண்டியின் பின்பக்கம் விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். ஆனால் நீங்கள் விரும்புவதைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். ஆற ஆற இறுகும், தட்டுக்குப் போவதற்குள் சரியான பதத்துக்கு வந்துவிடும்.

உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், சாசேஜிலேயே போதுமான அளவு இருக்கும். மிளகு மட்டும் கை தாராளமாக, கொரகொரப்பாகப் பொடித்து ஒரு டீஸ்பூனாவது. டைனர்களில் மிளகைக் கஞ்சத்தனமாகப் போட்டு எனக்குப் பல தடவை ஏமாற்றம். பூண்டு, வெங்காயம், கரம் மசாலா என்று நம் கை பரபரக்கும். முதல் தடவையாவது அடக்கிக்கொள்ளுங்கள். சேஜும் மிளகும் பாலும் சேரும் அந்த ருசியை மசாலா அமுக்கிவிடும். காரம் வேண்டுமென்றால் தட்டில் இரண்டு சொட்டு ஹாட் சாஸ் விட்டுக்கொள்ளலாம், இந்த ஊர்க்காரர்களே விட்டுக்கொள்கிறார்கள்.

இந்த அளவு நாலு பேருக்குத் தாராளம். மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், பாலும் இறைச்சியும் ஆயிற்றே. மறுநாள் எடுக்கும்போது கத்தியால் வெட்டலாம் போல உறைந்திருக்கும். கால் கப் பால் விட்டுச் சின்னத் தீயில் கிளறினால் பழைய பதம் திரும்பும். பிஸ்கட் சுடப் பொறுமை இல்லாத நாளில் டோஸ்ட் மேல் ஊற்றி, பக்கத்தில் ஒரு முட்டையைப் பொரித்து வைத்துவிடுவேன்.