கூகிள் ஆட்ஸ் ஏபிஐ: ஓய்வு பெற்ற வசதிகளிலிருந்து நிரலை மாற்றுவது குறித்துக் கேள்வி பதில்

கூகிள் விளம்பரக் கணக்குகளை நிரல் வழியாக இயக்க உதவும் இடைமுகமே கூகிள் ஆட்ஸ் ஏபிஐ. அதற்கு முன்பிருந்த ஆட்வேர்ட்ஸ் ஏபிஐ 2022 ஏப்ரல் 27 அன்று ஓய்வு பெற்றுவிட்டபோதிலும், அதற்காக எழுதப்பட்ட தர்க்கம் இன்னும் பல நிறுவனங்களின் நிரல்களில் உயிரோடு இருப்பதை, வந்திருக்கும் கேள்விகளே காட்டுகின்றன. நிரலைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: பழைய விரிவாக்கப்பட்ட உரை விளம்பரங்கள் (தலைப்பும் விவரணையும் எழுதிய வரிசையிலேயே வரும் வகை) எங்கள் கணக்கில் இன்னும் ஓடுகின்றன. ஆனால் நிரல் வழியாக அவற்றின் வாசகத்தைத் திருத்த முயன்றால் பிழை வருகிறது. ஏன்?

பதில்: 2022 ஜூன் 30-க்குப் பிறகு அவ்வகை விளம்பரத்தைப் புதிதாக உருவாக்கவோ திருத்தவோ இயலாது. ஏற்கெனவே இருப்பவை ஓடும். அவற்றை நிறுத்தி வைக்கலாம், மீண்டும் இயக்கலாம், நீக்கலாம். நீக்குவதில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். நீக்கப்பட்ட விளம்பரத்தை மீட்க வழியில்லை. அதே வகையில் வேறொன்றை உருவாக்கவும் வழியில்லை. ஆகவே மாற்று விளம்பரம் அனுமதி பெற்று ஓடத் தொடங்கும் வரை பழையதைத் தொடாதீர்கள், அதன் பிறகும் நிறுத்தி மட்டும் வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஒவ்வொரு பழைய விளம்பரத்துக்கும் ஒரு ரெஸ்பான்சிவ் தேடல் விளம்பரத்தை (நாம் தரும் தலைப்புகளையும் விவரணைகளையும் கூகிளே மாற்றி மாற்றிச் சேர்த்துக் காட்டும் வகை) நிரலே உருவாக்கிவிடலாம் அல்லவா? மூன்று தலைப்பு, இரண்டு விவரணை என்ற குறைந்தபட்சத் தேவைக்குப் பழையது சரியாகப் பொருந்துகிறதே?

பதில்: பொருந்துவது போலத் தோன்றுவதுதான் சிக்கல். ஒரு விளம்பரக் குழுவில் இயங்கு நிலையில் மூன்று ரெஸ்பான்சிவ் விளம்பரங்கள் மட்டுமே இருக்க முடியும் என்பதால், ஐந்து பழைய விளம்பரங்கள் உள்ள குழுவில் உங்கள் நிரல் நான்காவதில் நின்றுவிடும். குழுவில் உள்ள எல்லாத் தலைப்புகளையும் ஓரிடத்தில் திரட்டி, ஒரே பொருள் தருபவற்றைக் களைந்து, பதினைந்து தலைப்பு, நான்கு விவரணை என்ற உச்சவரம்புக்குள் ஒரு விளம்பரமாக்குவதே முறை. புதிய விளம்பரத்துக்குப் புதிய அடையாள எண் வரும். பழைய எண்ணையும் புதியதையும் இணைக்கும் அட்டவணை ஒன்றை இப்போதே வைத்துக்கொள்ளாவிட்டால் பழைய அறிக்கைகளோடு ஒப்பிட முடியாமல் தவிப்பீர்கள்.

கேள்வி (அதே வாசகர்): எங்கள் வாடிக்கையாளர் கடன் வழங்கும் நிறுவனம். வாசகங்கள் சட்டப் பிரிவின் ஒப்புதல் பெற்றவை. எனவே மூன்று தலைப்புகளையும் அதனதன் இடத்தில் 'பின்' செய்து (அதாவது அந்த இடத்தில் மட்டுமே வரும்படி பொருத்தி), பழைய விளம்பரத்தை அப்படியே மறுபடைப்புச் செய்தேன். இதில் தவறென்ன?

பதில்: ஓர் இடத்துக்கு ஒரே தலைப்பைப் பின் செய்தால் அங்கே வேறெதுவும் வராது, மூன்று இடங்களையும் அப்படி அடைத்துவிட்டால், நீங்கள் சேர்க்கும் பிற தலைப்புகள் ஒருபோதும் தலைகாட்டமாட்டா. அதைவிட முக்கியமான வினா ஒன்று உண்டு: 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற வரி எந்த இடத்தில் இருக்கிறது?

கேள்வி (அதே வாசகர்): மூன்றாம் தலைப்பில். பழைய விளம்பரத்திலும் அங்கேதான் இருந்தது.

பதில்: மூன்றாம் தலைப்பும் இரண்டாம் விவரணையும் ஒவ்வொரு முறையும் காட்டப்படும் என்ற உறுதி இல்லை. கட்டாயம் தெரிய வேண்டிய வரியை முதல் தலைப்பிலோ, இரண்டாம் தலைப்பிலோ, முதல் விவரணையிலோதான் பின் செய்ய வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): பழைய விளம்பரத்தில் மட்டும் மூன்றாம் தலைப்பு எப்போதும் தெரிந்ததா? தெரியவில்லையே! அப்படியிருக்க, நான் எதையும் மோசமாக்கவில்லை என்பதே என் வாதம்.

பதில்: உங்கள் வாதத்தின் முதற்பாதியை ஏற்கிறேன், அதுவே இரண்டாம் பாதியைக் கவிழ்க்கிறது. பழைய விளம்பரத்திலிருந்த ஓட்டையை நீங்கள் பிசகில்லாமல் படியெடுத்திருக்கிறீர்கள். சட்டப் பிரிவு ஒப்புதல் அளித்தது வரிக்குத்தான், அந்த வரி மறையும் காட்சிக்கு அன்று. அந்த வரியை முதல் விவரணையில் தனியாகப் பின் செய்யுங்கள். முதல் தலைப்பின் இடத்துக்கு, ஒப்புதல் பெற்ற இரண்டு மூன்று தலைப்புகளைச் சேர்த்துப் பின் செய்யலாம். அவற்றுள் ஏதேனும் ஒன்று அங்கே வரும். மற்றவற்றைக் கட்டவிழ்த்து விடுங்கள். எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிட்டு 'ரெஸ்பான்சிவ் விளம்பரம் எடுபடவில்லை' என்று வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மாற்றிய பிறகு அறிக்கையில் வரிசைகள் குறைந்துவிட்டன. தரவு தொலைந்துவிட்டதா?

பதில்: தொலையவில்லை. வினவலில் நாள், கருவி போன்ற பிரிப்புப் புலம் ஒன்றைச் சேர்த்தால், அளவீடுகள் எல்லாம் பூஜ்யமாக உள்ள வரிசைகள் வாரா. எல்லா விளம்பரக் குழுக்களும் வேண்டுமெனில், பிரிப்பு இல்லாத வினவலால் பட்டியலை எடுத்து, பிரிப்புள்ள வினவலின் எண்களை அதனோடு இணையுங்கள்.

கேள்வி: எங்கள் ஏலத் தொகையை மாற்றும் நிரல், தேடல் பக்கத்தில் விளம்பரம் சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது என்று காட்டிய 'சராசரி நிலை' என்ற அளவீட்டை நம்பியிருந்தது. அதை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: கணக்கிடாதீர்கள். அது 2019 செப்டம்பர் 30-லேயே விலக்கப்பட்டது. விளம்பரம் தேடல் பக்கத்தின் மேற்பகுதியில் எத்தனை சதவீதம், அதன் உச்சியில் எத்தனை சதவீதம் தோன்றியது என்ற இரு அளவீடுகளைக் கொண்டு விதியைப் புதிதாக எழுதுங்கள்.

கேள்வி: அனுமதிப் பிழை வருகிறது. பல வாடிக்கையாளர் கணக்குகளை நிர்வகிக்கும் மேலாளர் கணக்கின் எண்ணைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

பதில்: பத்து இலக்கங்களுக்கு இடையிலுள்ள கோடுகளை நீக்குங்கள்.

கேள்வி: புதுப்பிப்பு டோக்கன் (மீண்டும் உள்நுழையாமலே நிரலுக்கு அனுமதி பெற்றுத் தரும் குறியீடு) ஏழு நாளில் காலாவதியாகிறது.

பதில்: உங்கள் செயலியின் ஒப்புதல் திரை (பயனரிடம் அனுமதி கேட்கும் பக்கம்) சோதனை நிலையில் இருக்கிறது. வெளியீட்டு நிலைக்கு மாற்றிவிட்டுப் புதிய டோக்கன் எடுங்கள்.

கேள்வி: எனக்கும் அனுமதிப் பிழை.

பதில்: இரண்டு கேள்விகளுக்கு மேலே பாருங்கள். தீரவில்லை என்றால், வாடிக்கையாளர் கணக்கின் எண்ணை கோரிக்கையில் மேலாளர் எண்ணுக்கான தலைப்புரையில் (ஹெடர்) இட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: பேஸ்புக் விளம்பர ஏபிஐக்கும் இதே முறை பொருந்துமா?

பதில்: அது என் துறை அன்று.

கேள்வி: ஏபிஐயின் ஒரு பதிப்பு ஓய்வு பெறும் வரை காத்திருந்து மாறினால் என்ன நட்டம்?

பதில்: நட்டத்தை நானே பட்டிருக்கிறேன். உங்கள் பதிப்பு அறியாத புதிய மதிப்பு எதுவானாலும் ஏபிஐ அதை 'அன்னோன்' (தெரியாதது) என்று திருப்பித் தரும். பிழை எதுவும் எழாது. நான் எழுதிய செலவுக் கணக்கு நிரல், தெரிந்த பிரச்சார வகைகளை மட்டும் கூட்டி மற்றவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிச் சென்றது. மாத இறுதியில் பில்லில் உள்ள தொகை எங்கள் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இருந்தபோதுதான், பழைய பதிப்புக்குத் தெரியாத வகைப் பிரச்சாரம் ஒன்று மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. இப்போது அந்த மதிப்பு வந்தாலே நிரல் நின்று எச்சரிக்கை அனுப்புகிறது.

கேள்வி: மாற்றம் முடிந்துவிட்டது. பழைய விளம்பரங்களை ஒரேயடியாக நீக்கும் நிரலை இன்றிரவு ஓட்டலாமா?

பதில்: நீக்காதீர்கள் என்று முதல் பதிலிலேயே எழுதியிருக்கிறேன். நிறுத்தி வைக்கும் நிரலாக மாற்றி, சரிபார்ப்பு மட்டும் செய்யும் முறையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, நாளைப் பகலில் ஓட்டுங்கள்.