மெருகும் கம்மலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' பாட்டை பீட்டில்ஸ், கார்பெண்டர்ஸ் ஆகிய குழுக்கள் பாடித்தான் கேட்டிருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மார்வலெட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் குழு முதன்முதலில் பாடிய 1961 ஒலிப்பதிவைத் தேடிக் கேட்டேன். கரடுமுரடாக இருக்கிறது. முன்குரல் அங்கங்கே கம்முகிறது. பின்னால் வந்தவர்கள் சரிசெய்துவிட்ட ஒரு முதல் வரைவு என்பதற்குமேல் இதில் என்ன இருக்கிறது?

கே.

அன்புள்ள கே.,

அந்தக் கம்மல்தான் பாட்டின் உயிர். பாடுகிற கிளாடிஸ் ஹார்ட்டனுக்கு அப்போது வயது 16. காதலனிடமிருந்து கடிதம் வராமல் தவிக்கும் ஒரு பெண், தெருவில் போகும் தபால்காரரை மறித்துப் பையை இன்னொரு முறை பார்க்கச் சொல்கிறாள். அவள் குரல் வேறெப்படி இருக்கும்? முதலில் தோழிகள் 'நில்லுங்கள்' என்று கத்துகிறார்கள், அதன் பிறகே இவள் கெஞ்சத் தொடங்குகிறாள். இவள் ஒன்று சொல்ல அவர்கள் பதில் சொல்லும் இந்த முறை கறுப்பினத் தேவாலயங்களிலிருந்து வந்தது. கூடவே கைத்தட்டல். டிரம்ஸ் வாசித்தவர் மார்வின் கே; பின்னாளில் புகழ்பெற்ற இந்தப் பாடகர் அன்று இன்னும் பெயர் பெற்றிருக்கவில்லை.

கார்பெண்டர்ஸின் பாடகி கேரன் கார்பெண்டரின் குரல் எனக்கும் பிடிக்கும். ஆனால் 1975-இல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்த அந்த வடிவத்தில் கடிதம் நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை என்பதுபோல் பாடுகிறார். பீட்டில்ஸ் 1963-இல் பதிவுசெய்தபோது மூலத்தின் அமைப்பை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வரைவை யாரும் அப்படிப் பின்பற்ற மாட்டார்கள்.

மார்வலெட்ஸ் குழுவினர் டெட்ராய்ட்டை ஒட்டிய இங்க்ஸ்டர் ஊரின் பள்ளிக்கூடத்துப் பெண்கள். பள்ளிப் போட்டியில் நான்காவதாக வந்தவர்கள். முதல் மூன்று இடங்களுக்குத்தான் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் பாடிக்காட்டும் வாய்ப்பு என்றிருக்க, ஆசிரியர் ஒருவர் பரிந்து பேசி இவர்களையும் அனுப்பிவைத்தார். சொந்தப் பாட்டோடு வாருங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். குழுவிலிருந்த ஜார்ஜியா டாபின்ஸ், நண்பர் வில்லியம் காரெட்டிடமிருந்து ப்ளூஸ் என்ற கறுப்பினச் சோக இசை வகைப் பாட்டொன்றை வாங்கி, தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாக எழுதினார். பாட வேண்டியவரும் அவர்தான். தாயார் நோயில் கிடந்தார், மகள் பாடப் போவதற்குத் தந்தை சம்மதிக்கவில்லை. டாபின்ஸ் விலகிக்கொண்டார், முன்குரல் ஹார்ட்டனுக்கு வந்தது. 1961 டிசம்பரில் பில்போர்டு பத்திரிகையின் பொதுப் பாடல் பட்டியலில் மோடவுனுக்குக் கிடைத்த முதல் முதலிடம் இந்தப் பாட்டுதான். ஒலித்தட்டில் டாபின்ஸின் குரல் இல்லை. இந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

(பாட்டைச் செப்பனிட்டவர்களில் ஒருவரான ஃப்ரெடி கோர்மன் நிஜமாகவே தபால்காரர்!)

மறுபடி கேட்கும்போது கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். கெஞ்சல் அதட்டலாக மாறி, கடிதத்தைச் சீக்கிரம் கொடு என்று ஹார்ட்டன் எதுகை போட்டு விரட்டுவார். பிறகு இதே குழு 1962-இல் பாடிய 'பீச்வுட் 4-5789' கேளுங்கள். அதையும் கார்பெண்டர்ஸ் பின்னாளில் பாடியிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.