மாமனார் சொன்ன ஒரு சொல்

கேள்வி: மேடவாக்கத்தில் 48 வீடுகள் உள்ள குடியிருப்பில் இருக்கிறோம். பக்கத்து மனையில் ஒரு வருடமாகக் கட்டட வேலை நடக்கிறது. வடக்கிலிருந்து வந்த ஆட்கள் அங்கேயே தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள். நடு இரவு வரை செல்போனில் பாட்டு, நள்ளிரவில் இறங்கும் ஜல்லி லாரி, எங்கள் மதில் முழுக்கப் பாக்கு எச்சில், விடியற்காலையில் காலி மனையில் ஒதுங்குவது என்று தொல்லை தாங்கவில்லை. போன ஞாயிறு சங்கக் கூட்டத்தில் என் மாமனார் (வயது 78, 1967 முதல் முப்பது வருடம் பம்பாயில் வேலை பார்த்தவர்) எழுந்து, "இவனுங்க காட்டுமிராண்டிங்க, மொத்தமா காலி பண்ணச் சொல்லுங்க" என்றார். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் எல்லோர் முன்னாலும், "காட்டுமிராண்டின்னு யாரும் கிடையாது தாத்தா. அது கிரேக்கர்கள் கண்டுபிடிச்ச விஷயம். அவங்களுக்கு நாமளும் பார்பேரியன்தான்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவர் அவளுடன் பேசுவதில்லை. சாப்பாடும் தன் அறைக்கே வரவேண்டும் என்கிறார். மன்னிப்புக் கேள் என்று என் கணவர் அவளை நெருக்குகிறார். "நான் சொன்னது சரிதானே" என்கிறாள் அவள். யார் பக்கம் நியாயம்? நான் என்ன செய்ய?
(பெயர் வேண்டாம், மேடவாக்கம்)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, நீங்கள் பாட்டுக்குத் தாண்டிப் போய்விட்டீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் மகள்.

அவள் சொன்னதில் முக்கால்வாசி சரி. 'பார்பேரியன்' என்பதற்கு மூலமான 'பார்பரோஸ்' கிரேக்கச் சொல்தான். புரியாத மொழி காதில் 'பர் பர்' என்று விழுந்ததால் வந்த பெயர். ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுகிறவரை 'தஸ்ஸு புஸ்ஸு' என்கிறோமே, அதே மாதிரி. ஹோமரின் இலியட்டிலேயே காரியர் என்ற மக்களை 'பர்பர் பேச்சுக்காரர்கள்' என்று சொல்லும் வரி இருக்கிறது. அந்த இடத்தில் அது பெரிய வசவு இல்லை, நம் பாஷை பேசாதவன் என்பதோடு சரி. பாரசீகர்கள் கி.மு. 490இலும் 480இலும் படையெடுத்து வந்து தோற்றுப் போன பிறகுதான் அந்தச் சொல்லில் கொடுமை, அடிமைப்புத்தி, ஆடம்பரம் எல்லாம் ஏறிக்கொண்டன.

மீதிக் கால்வாசியில்தான் தவறு. கிரேக்கர்கள் கண்டுபிடித்தது சொல்லை மட்டும்தான், பழக்கம் எல்லா ஊரிலும் இருந்தது. தங்கள் மொழி பேசாதவர்களை எகிப்தியர்களும் இப்படித்தான் அழைத்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். வடமொழியில் 'மிலேச்ச' என்ற சொல்லும் நாக்கிலிருந்து வந்த கதைதான். அசுரர்கள் போரில் 'பகைவர்களே' என்று கத்தவேண்டிய இடத்தில் ரகரத்தை லகரமாக உளறியதால் தோற்றார்கள் என்று சதபத பிராமணம் என்ற வேத நூலில் ஒரு கதை வருகிறது. ஒழுங்காக இலக்கணம் படி, இல்லாவிட்டால் மிலேச்சன் ஆகிவிடுவாய் என்று இலக்கண ஆசிரியர் பதஞ்சலி அதே கதையைச் சொல்லி மாணவர்களை மிரட்டுகிறார். ரகரம் வராதவர்கள் நம் குடியிருப்பிலும் நாலு பேர் இருப்பார்கள், அதை விடுங்கள்.

நம் பங்கையும் சொல்லிவிடுகிறேன், இது உங்கள் மகளுக்குப் பிடிக்கும். கிரேக்கர்களும் ரோமானியர்களும் மிளகுக்காக நம் கடற்கரைக்கு வந்தபோது நாம் அவர்களை எப்படிப் பார்த்தோம்? முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் யவனர்கள் நிற்கிறார்கள். 'மெய்ப்பை புக்க வெருவரும் தோற்றத்து வலிபுணர் யாக்கை வன்கண் யவனர்' என்கிறார் புலவர். மெய்ப்பை என்றால் உடம்புக்கு ஒரு பை, அதாவது சட்டை. சட்டை மாட்டிய ஆளைப் பார்த்து நமக்குக் குலை நடுங்கியிருக்கிறது! உள்ளே அரசனுக்குப் பக்கத்தில் நிற்கிற காவலர்கள் இன்னும் விசேஷம்: 'உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்'. வாயால் பேசாமல் கை கால் அசைத்தே பேசுகிறவர்கள். அவர்களுக்கு நாக்கு இல்லாமல் இல்லை. நமக்குத்தான் அவர்கள் பேச்சு விளங்கவில்லை. உங்கள் குடியிருப்புக் காவலாளி நேபாளி என்றால், இந்தக் காட்சியைத் தினமும் கேட் அருகே பார்க்கலாம்.

யவனர்களுக்கு நாம் கொடுத்த இன்னொரு அடைமொழி 'வன்சொல்'. வன்சொல் யவனர். உலகத்தையே 'பர் பர்' என்று கேலி பண்ணிய கிரேக்கன் பேச்சு தமிழன் காதில் கரடுமுரடாக விழுந்திருக்கிறது. பதிற்றுப்பத்தின் பதிகம் ஒன்று, சேர அரசன் இமயவரம்பன் அந்த வன்சொல் யவனரைப் பிடித்து, கையைப் பின்னால் கட்டி, தலையில் நெய்யை ஊற்றியதைப் பெருமையாகச் சொல்கிறது. அந்த யவனன் ஊர் திரும்பிப் போயிருந்தால் நம்மைப் பற்றி என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆளாளுக்கு மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள், அதில் என்ன நஷ்டம் என்று உங்கள் கணவர் கேட்கலாம். வசவோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லைதான். பெரியார் சிலைப் பீடங்களில் கடவுளை வணங்குகிறவனுக்குப் பொறித்து வைத்த பெயரும் இதே காட்டுமிராண்டிதான். அதைப் படித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போகிற ஊர் இது. வசவுக்குப் பின்னால் ஒரு 'ஆகையால்' வருகிறதா என்றுதான் பார்க்கவேண்டும். அரிஸ்டாட்டில் எழுதினார்: பார்பேரியனும் அடிமையும் இயல்பிலேயே ஒன்று, ஆகையால் கிரேக்கன் அவனை ஆள்வது முறை. இங்கே வெள்ளைக்காரன் ஒரு படி மேலே போய் அதைச் சட்டமாகவே எழுதினான். சில சாதிகள் பிறவியிலேயே குற்றவாளிகள், ஆகையால் பதிவேட்டில் ஏற்று என்றது 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம். 1911இல் கைரேகை எடுப்பதையும் சேர்த்துக்கொண்டு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்கள் தமிழர்கள்.

உங்கள் மாமனார் சொன்ன வாக்கியத்தை இப்போது திரும்பப் படியுங்கள். 'காட்டுமிராண்டிங்க' என்பது முதல் பாதி. 'மொத்தமா காலி பண்ணச் சொல்லுங்க' என்பதுதான் ஆகையால். உங்கள் மகளுக்குச் சுருக்கென்று தைத்தது இந்தப் பாதியாகத்தான் இருக்கவேண்டும். எனக்கும் தைக்கிறது.

ஆனால் அவளிடமும் ஒன்று சொல்லவேண்டும். காட்டுமிராண்டி என்று யாரும் கிடையாது என்றால், மதிலில் துப்புவதும் சரி என்றாகிவிடாது. அடுத்தவர் சுவரில் எச்சில் துப்புவது பாட்னாவிலும் அசிங்கம்தான். செயலைச் செயலாகச் சொல்லலாம், கடுமையாகவே சொல்லலாம். அதற்கு ஆளின் ஊரும் பிறப்பும் தேவையில்லை. இன்னொன்று, செயலை மட்டும் தனியாகப் பார்த்தால் அதன் காரணமும் கண்ணில் படும். காலையில் ஏன் காலி மனைக்குப் போகிறார்கள்? கொட்டகையில் கழிப்பறை இல்லை, அல்லது முப்பது பேருக்கு ஒன்று. கட்டடத் தொழிலாளர்களுக்குக் குடிநீர், கழிப்பறை, தங்குமிடம் தருவது வேலை தருகிறவரின் கடமை என்பது 1996ஆம் ஆண்டிலேயே சட்டமானது. நள்ளிரவில் ஜல்லி இறக்கச் சொல்வதும் அந்த ஆட்கள் இல்லை. இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து விதி. உங்கள் சங்கம் கடிதம் எழுதவேண்டியது கட்டுநருக்கு. அவர் அசையாவிட்டால் உள்ளாட்சி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போங்கள். அவர் நன்றாகத் தமிழ் பேசுவார், சட்டையும் மடிப்புக் கலையாமல் இருக்கும். அதனால்தான் கூட்டத்தில் அவர் பெயரை யாரும் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த அடைப்புக்குறி. 1967 முதல் முப்பது வருடம் பம்பாய்.

ஓவிட் என்று ஒரு ரோமானியக் கவிஞர். கி.பி. 8இல் பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் கரையில் தோமிஸ் என்ற ஊருக்கு நாடு கடத்தினார். இன்றைய ருமேனியாவில் இருக்கிறது அந்த ஊர். தலைநகரில் கொடிகட்டிப் பறந்தவர், அங்கே போய் ஊமையானார். 'இங்கே பார்பேரியன் நான்தான், யாருக்கும் நான் பேசுவது புரியவில்லை' என்று எழுதினார். அவர் வாயிலிருந்து வரும் லத்தீனைக் கேட்டு உள்ளூர்க்காரர்கள் சிரித்தார்களாம்.

உங்கள் மாமனார் பம்பாயில் இறங்கியபோது வயது இருபது. அதே 60களின் கடைசியில்தான் அங்கே தென்னிந்தியர்களுக்கு எதிரான கிளர்ச்சி சூடு பிடித்தது. லுங்கிக்காரர்களை விரட்டு என்று கோஷம், உடுப்பி ஓட்டல்களில் கல்வீச்சு. தமிழோ மலையாளமோ கன்னடமோ, எல்லாருக்கும் ஒரே பெயர்: மதராஸி. நம் மொழிகள் மொத்தத்துக்கும் அவர்கள் வைத்த பெயர் 'யண்டு குண்டு'. 'பர் பர்' மாதிரியேதான், இரண்டாயிரம் வருடம் கழித்து. பிற்பாடு நான் தில்லியில் இருந்த நாலு வருடத்தில், பால் வாங்கப் போனால் கடைப் பையன் என்னைப் பார்த்து 'அண்டு குண்டு' என்று பாடுவான். சிரித்துக்கொண்டே பால் வாங்கி வருவேன். அறைக்கு வந்தபின் அந்தச் சிரிப்பு இருக்காது.

அந்த முப்பது வருடத்தைப் பற்றி அவர் வீட்டில் எவ்வளவு பேசியிருக்கிறார்? பேசியிருக்க மாட்டார் என்பது என் ஊகம். அடி வாங்கியவன் அடுத்தவனை அடிக்காமல் இருப்பான் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பல நேரம் நேர் எதிராகத்தான் நடக்கிறது, தான் அந்தப் பக்கம் இல்லை என்று காட்டிக்கொள்ள மனிதன் முதல் கல்லை எடுத்துவிடுகிறான். இதை நான் அவர் பக்கம் நின்று சொல்லவில்லை, அவர் சொன்னது தவறுதான். ஆனால் 78 வயதுக்காரரை நாற்பது குடும்பத்துக்கு முன்னால் திருத்தியதும் தவறு. மகள் அந்த இடத்துக்காக மட்டும் வருத்தம் தெரிவிக்கட்டும்: "எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கக் கூடாது தாத்தா." சொன்ன விஷயத்துக்கு மன்னிப்பு வேண்டாம். கணவர் அதையும் சேர்த்துக் கேட்டால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள்.

சாப்பாட்டை அறைக்குக் கொண்டுபோகிற வேலையை நாளையிலிருந்து மகளிடம் கொடுங்கள். தட்டை வைத்துவிட்டு ஓடிவராமல், கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். கிரேக்கம், அரிஸ்டாட்டில் எல்லாம் வேண்டாம். பம்பாயில் முதல் மாதம் எங்கே தங்கினீங்க, என்ன சாப்பிட்டீங்க, இந்தி எப்படிக் கத்துக்கிட்டீங்க என்று கேட்கட்டும். முதல் நாள் 'போடி' என்பார். மூன்றாம் நாள் சொல்வார்.

அப்புறம் நடைமுறையாக ஒன்று. மதிலில் 'இங்கே துப்பாதீர்கள்' என்று தமிழில் எழுதி ஒட்டியிருப்பீர்கள், இல்லையா? அதை யார் படிப்பார்கள்? 48 வீட்டில் இந்தி சரளமாகப் பேசக்கூடியவர் உங்கள் மாமனார் ஒருவராகத்தான் இருப்பார். அறிவிப்பை எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள், நேரில் பேசவும் அவரையே அனுப்புங்கள். போவதற்கு முன்னால் அந்த ஆட்கள் ஒடிசாவா, பீகாரா, வங்காளமா என்று விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒடியாக்காரரிடம் போய் 'பீகாரி' என்று ஆரம்பித்தால், அவருக்கு எப்படி இருக்கும் என்று உங்கள் மாமனாருக்குத் தெரியும்.