சாவே இல்லை என்றால் அந்த போனைப் போட்டிருப்பாரா?

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 43. செவிலியராக 18 வருடம் ஆகிறது. அதில் கடைசி 9 வருடமும், இனிக் குணமாகாது என்று தெரிந்தவர்களின் வலியைக் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் வார்டில்தான் வேலை.

போன மாதம் அங்கே ஒரு பெரியவர் இருந்தார். தம்பியோடு 30 வருடமாகப் பேச்சே இல்லை. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "தம்பிக்கு ஒரு போன் போட்டுத் தரியாம்மா?" என்றார். மறுநாளே தம்பி வந்துவிட்டார். பெரியவரின் காது மெஷினில் பேட்டரி தீர்ந்திருந்தது. மாற்றிப் பொருத்திவிட்டு, டிரிப்ஸ் சரியாக இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல் அங்கேயே நின்றேன். பழைய சண்டையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்ன வயதில் சேர்ந்து ஓட்டிய சைக்கிளில் அடிக்கடி செயின் கழன்றுவிடுமாம், யார் கையைக் கறையாக்கிக்கொள்வது என்று தகராறு வருமாம். முக்கால் மணி நேரம் அதையே பேசினார்கள். நான்காம் நாள் பெரியவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரே கேள்வி என்னைக் குடைகிறது. சாவு என்று ஒன்று இல்லாவிட்டால் அவர் அந்த போனைப் போட்டிருப்பாரா? முதுமையையே நிறுத்தப் பார்க்கிறார்கள் என்று வரும் செய்திகளை என் மகன் ஆசையாகப் படித்துக் காட்டுகிறான். எனக்கோ பயமாக இருக்கிறது. நேரம் முடியப் போகிறது என்ற பயத்தில்தான் மனிதர்கள் நல்லவர்களாக இருக்கிறார்களா? அந்தப் பயம் போய்விட்டால் நாம் என்னவாக மாறுவோம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனோடு நான் பேசி 6 வருடம் ஆகிறது. அம்மாவைக் கடைசிவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். நகைக்காகத்தான் பார்த்தாள் என்று உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அவர் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. சில நாள் வாட்ஸ்அப்பில் அவர் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பேன். இப்போது தாடி முழுக்க வெள்ளை. 'பார்த்துக்கலாம், என்ன அவசரம்' என்று மூடிவிடுவேன். தினமும் சாவைப் பார்க்கிற நானே இப்படி.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

'இன்னொன்று' என்று நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எழுதியதாகவே எடுத்துக்கொள்கிறேன். அதற்காக உங்கள் கேள்வியைத் தள்ளிவிட மாட்டேன். அது உண்மையான கேள்வி. அதில் பாதிக்கு உளவியலில் ஓரளவு பதிலும் இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சனும் அவரோடு பணியாற்றியவர்களும் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு இருக்கிறது, யாரோடு கழிப்பீர்கள் என்பது கேள்வி. நெருங்கிய சொந்தம் ஒருவர், சமீபத்தில் அறிமுகமான ஒருவர், அண்மையில் படித்த புத்தகத்தை எழுதியவர் என மூன்று பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயதானவர்கள் பெரும்பாலும் சொந்தத்தையே தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம், புதிய மருத்துவ வசதியால் நீங்கள் நினைத்ததைவிட 20 வருடம் கூடுதலாக வாழ்வீர்கள் என்று டாக்டர் சொல்வதாக அவர்களைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அந்தச் சாய்வு மறைந்துவிட்டது. வெறும் 20 வருடக் கற்பனைக்கே சொந்தம் பின்னால் நகர்ந்துவிடுகிறது. முடிவே இல்லாத ஆயுள் என்றால் என்ன ஆகும் என்று நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 1973-ல் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்கள் அடுத்த கட்டிடத்துக்குப் போகும் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமி முனகுகிறார். நேரம் கையில் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். 'சீக்கிரம் போங்கள், ஏற்கெனவே தாமதம்' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். அவர்களில் சிலர், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்லவனின் கதையைப் பற்றிப் பேசத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்!

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. சாகாத மனிதன் தெருவில் கிடப்பவனுக்காக நின்று உதவுவான், அவனுக்குத்தான் நேரம் இருக்கிறதே. சொந்த அண்ணனிடம் மட்டும் 'அடுத்த நூற்றாண்டில் பேசிக்கலாம்' என்று இருந்துவிடுவான்.

என்னை அதைவிட உறுத்துவது வேறொன்று. முதுமை நின்றுவிட்டாலும் வெள்ளமும் தீயும் விபத்தும் இருக்கத்தான் செய்யும். இன்று ஆற்றில் விழுந்த குழந்தைக்காகக் குதிக்கிறவர் தன் மிச்சமிருக்கும் நாற்பதோ ஐம்பதோ வருடத்தைப் பணயம் வைக்கிறார். ஆயிரமாயிரம் வருடம் இருக்கிறவர் குதிப்பாரா? கரையில் நின்று கணக்குப் பார்ப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொடுமைக்காரராக மாறிவிட மாட்டார், பயந்தவராக மாறிவிடுவார். கூடவே, யாருமே இடத்தைக் காலி செய்யாத உலகத்தில் புதிதாகப் பிறக்கும் குழந்தைக்கு எங்கே இடம் என்ற கேள்வியும் இருக்கிறது.

நன்மையும் உண்டு. செய்த தவறை யாரும் சுடுகாட்டோடு முடித்துக்கொள்ள முடியாது. நீங்கள் புண்படுத்தியவர் என்றென்றும் உங்களோடு இதே உலகத்தில் இருப்பார், எந்தத் தெருமுனையிலும் எதிரே வரலாம். அதை நினைத்தே நாக்கை அடக்குகிறவர்கள் இருப்பார்கள்.

சரி, பயத்தில்தான் நல்லவர்களா? சாவு நெருங்கியும் மனம் இளகாதவர்களை உங்கள் வார்டிலேயே பார்த்திருப்பீர்கள். கட்டிலைச் சுற்றி நின்று கையெழுத்துக்காகச் சண்டை போடுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். அவர்களும் அதே சாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியவருக்குத் தம்பி மேல் இருந்த பாசம் 30 வருடமும் உள்ளேயே கிடந்தது. சாவு வந்து அதற்கு ஒரு தேதி கொடுத்தது, அவ்வளவுதான். பாசம் அவருடையது.

சாகாத மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்று தெரிந்துகொள்ள நீங்கள் எதிர்காலத்துக்குப் போக வேண்டியதில்லை. அண்ணன் விஷயத்தில் 6 வருடமாக நீங்கள் அப்படித்தான் வாழ்கிறீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை அம்மா. ராத்திரி முழுக்க மற்றவர்களின் கடைசி நேரத்தைத் தாங்கிவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு, தன் வீட்டிலாவது நேரம் தீராது என்று நம்பத் தோன்றும்தானே.

அவர் சொன்ன சொல் கொடுமையானது. அதை மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நகைக் கணக்கையும் இப்போது எடுக்க வேண்டாம். அந்த இரண்டு பேரும் சண்டையைத் தொடவே இல்லை என்பதை நீங்கள்தானே பக்கத்தில் நின்று பார்த்தீர்கள்? உங்களுக்கும் அண்ணனுக்கும் இடையில் அப்படி ஒரு சைக்கிள் செயின் கட்டாயம் இருக்கும். சேர்ந்து உடைத்த ஏதோ ஒரு பொருள், சேர்ந்து வாங்கிய ஏதோ ஓர் அடி. அடுத்த முறை படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது மூடிவிடாமல், அதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். 'எப்படி இருக்கீங்க' என்றுகூடக் கேட்க வேண்டாம்.

அனுப்பியதை அவர் பார்த்தும் பதில் வரவில்லை என்றால் அந்த வலியோடு தனியாக இருக்காதீர்கள். எனக்கு எழுதுங்கள், அப்புறம் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.