பந்தைத் தொடாதவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். டாலஸுக்கு வந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் ஒரு பழைய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைக் காட்டினார். 2007 புத்தாண்டு அன்று அரிசோனாவில் நடந்த ஃபியஸ்டா பௌல் என்ற கல்லூரி ஆட்டம். பாய்சி ஸ்டேட் அணி கடைசியில் ஒரு தந்திரம் செய்து ஒக்லஹோமாவை ஜெயித்துவிடுகிறது. பந்தை எறிகிற ஆளான குவார்ட்டர்பேக் வலது பக்கம் எறிவது போலக் கையை வீசுகிறார். பந்தோ முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இன்னொருவர் அதை வாங்கிக்கொண்டு இடது பக்கம் ஓடிவிடுகிறார். இத்தனை வருடம் பயிற்சி எடுத்தவர்கள் முட்டாள்கள் மாதிரி ஏமாந்து நிற்கிறார்கள்! இது எப்படி நடக்கிறது? இதை விளையாட்டு என்பதா, ஏமாற்று என்பதா? இவ்வளவு சுலபமென்றால் ஏன் எல்லா ஆட்டத்திலும் இதையே செய்வதில்லை? கையால் ஆடுவதற்குக் கால்பந்து என்று ஏன் பெயர்?

என் மகனும் பள்ளி அணியில் சேர்ந்திருக்கிறான். ஏதோ ஓர் இடத்தில் நிற்கிறான். பந்து அவனிடம் வருவதே இல்லை. அதனால் நான் அதிகம் போவதில்லை. நீங்கள் அமெரிக்காவில் இருந்த நாட்களைப் பற்றி எழுதியிருப்பதால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

அன்புடன்,
ஆர்., டாலஸ்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் என் மகனோடு போனில் இதே ஆட்டத்தைப் பற்றிப் பேசியிருந்தேன். முழங்கால் வலியில் ஆரம்பித்த பேச்சு அங்கே போய் நின்றது. அதிலிருந்து அதே நினைப்பாக இருக்கும்போது உங்கள் கடிதம் வருகிறது. அதனால்தான் உடனே உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெயரை விடுங்கள். ரக்பியிலிருந்து பிரிந்து வந்த ஆட்டம், பெயரும் கூடவே வந்துவிட்டது. ஏமாற்றா என்ற கேள்விக்கும் நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. கபடியில் கையை நீட்டுவது போலக் காட்டிக் காலை நீட்டுகிறவனை நாம் ஏமாற்றுக்காரன் என்பதில்லையே. விதிக்குள் நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் 'முட்டாள்கள் மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விட முடியாது.

அந்தக் கட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். கூடுதல் நேரம். ஒக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் முயற்சியிலேயே 25 யார்டு ஓடி, எதிரியின் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டுவிட்டார். பாய்சி பதிலுக்கு ஒன்று போட்டது. 42-41. பந்தை உதைத்து ஒரு புள்ளி எடுத்தால் சமம். அவர்கள் அதை வேண்டாம் என்று, பந்தை மறுபடி கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் எடுக்கிற இரண்டு புள்ளிக்குப் போனார்கள். மூன்று யார்டு, ஒரே வாய்ப்பு, விட்டால் தோல்வி. வலது பக்கம் மூன்று பேரை நிறுத்தினார்கள். குவார்ட்டர்பேக் ஜாரெட் ஸப்ரான்ஸ்கியின் வலது கை அவர்களை நோக்கி வீசியது. கையில் ஒன்றும் இல்லை. இடது கை பந்தை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தது. இயன் ஜான்சன் அதை எடுத்துக்கொண்டு இடது பக்கம் ஓடினார். யாரும் அவரைத் தொடக்கூட இல்லை. 43-42.

இந்தத் தந்திரத்துக்கு 'சுதந்திர தேவி சிலை' என்று பெயர். பழைய முறையில் குவார்ட்டர்பேக் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிலை மாதிரி நிற்பார், பின்னால் வருகிறவர் உருவிக்கொண்டு ஓடுவார். நூறு வருடத்துக்கும் மேல் பழசு. பள்ளிப் பையன்களுக்கும் தெரியும். ஒக்லஹோமாக்காரர்களுக்குத் தெரியாதா? தெரிந்தவர்கள்தான் ஏமாந்தார்கள். அது ஏன் என்று நீங்கள் யோசிக்கவில்லை. திரையில் பார்க்கிற உங்களுக்குப் பந்து இருக்கும் இடம் தெரிகிறது. அதனால் தெரியாதவன் முட்டாளாகத் தோன்றுகிறான். களத்தில் நிற்கிறவனுக்கும் பந்துக்கும் நடுவே நூற்று முப்பது கிலோ ஆட்கள் ஐந்து பேர் நிற்கிறார்கள், ஆர்.

தற்காப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் பந்தைப் பார்ப்பதே இல்லை. பந்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் தாமதமாகிவிடும். அவர் பார்ப்பது எதிரே குனிந்திருக்கும் கார்டை, அதாவது எதிரணி முன்வரிசையில் நடு ஆளுக்குப் பக்கத்தில் நின்று மறிக்கிறவரை. கார்டின் தலை தாழ்ந்து உடம்பு முன்னால் பாய்ந்தால் ஓட்டம் வருகிறது. தலை நிமிர்ந்து கால் பின்னால் போனால் பாஸ், பந்தை எறியப் போகிறார்கள். பக்கவாட்டில் கிளம்பினால் பந்தும் அந்தப் பக்கம் போகப்போகிறது. 'கீ' என்பார்கள் இதை. யோசித்துச் செய்கிற வேலை இல்லை. வருடக்கணக்கில் செய்து செய்து, கண் பார்த்ததும் கால் கிளம்பிவிட வேண்டும். அரை நொடிக்குள் கிளம்பாதவனை அணியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

தந்திர ஓட்டம் அந்தப் படிப்பின் மேல்தான் நடக்கிறது. ஒன்றும் தெரியாத ஒருவனை அங்கே நிறுத்துங்கள். கார்டு நிமிர்ந்தாலும் குனிந்தாலும் அவனுக்கு அர்த்தமில்லை, நின்ற இடத்திலேயே நிற்பான். பந்தோடு ஓடி வருகிறவன் நேராக அவன் மேல் வந்து மோதுவான்.

ஆலன் பேஜைத் தெரியுமா உங்களுக்கு? மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் முன்வரிசைத் தற்காப்பு ஆட்டக்காரர். 1969 பருவத்தில் 14 ஆட்டங்களில் சேர்த்து அந்த அணி எதிரிகளுக்கு விட்டுக்கொடுத்தது 133 புள்ளிகள்தான். பந்து அசைந்ததும் முதலில் எழுகிறவர் பேஜ். அந்த வேகத்தை நிறுத்த வழியே இல்லை என்றிருந்த நேரத்தில், 1970 ஜனவரி 11, நியூ ஆர்லியன்ஸ், தொழில்முறை அணிகளின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல், நான்காவது. கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் பயிற்சியாளர் ஹேங்க் ஸ்ட்ராம் உடம்பில் மைக் மாட்டியிருந்தார். அதனால் அவர் ஆடச் சொன்ன தந்திரத்தின் பெயர் ஊருக்கெல்லாம் தெரியும்: '65 டாஸ் பவர் டிராப்'. ஐந்து யார்டு போக வேண்டும். பந்தை வெளிப்பக்கம் தூக்கிப் போடப் போவது போல எல்லாம் நகர்ந்தன. பேஜை மறிக்க வேண்டியவர் மறிக்கவே இல்லை. வழி திறந்து கிடக்கிறது, பேஜ் நிற்பாரா? பாய்ந்தார். மறுபக்கத்திலிருந்து குறுக்கே ஓடிவந்த கார்டு மோ மூர்மன் அவரைப் பக்கவாட்டில் இடித்துத் தள்ளினார். பேஜ் காலி செய்த இடத்தின் வழியாக சீஃப்ஸின் மைக் கேரட் பந்தோடு உள்ளே போய்விட்டார். இடைவேளையில் 16-0, முடிவில் 23-7 என்று சீஃப்ஸ் ஜெயித்தது.

மெதுவான ஆளிடம் இந்தத் தந்திரம் பலிக்காது. மூர்மன் குறுக்கே வந்து சேர்வதற்குள் பேஜ் உள்ளே வந்திருக்க வேண்டும். அவர் எவ்வளவு வேகமாக வருவார் என்பதை வைத்துத்தான் அந்த இடியின் நேரத்தையே கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1971-ல் என்.எஃப்.எல். என்கிற அந்தத் தொழில்முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பேஜுக்குக் கிடைத்தது. தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைப்பது அதுதான் முதல் தடவை. பிறகு சட்டம் படித்தார். 1993 முதல் 2015 வரை மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதி. அவரையா முட்டாள் வரிசையில் சேர்க்கிறீர்கள்?

'டிரா' என்று ஒரு தந்திர ஓட்டம் இருக்கிறது. இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குவார்ட்டர்பேக் எறிவதற்காகப் பின்னால் போகிறார். முன்வரிசை நிமிர்கிறது. தற்காப்பின் முன்வரிசை அவரைப் பிடிக்க உள்ளே பாய்கிறது, லைன்பேக்கர்கள் பாஸைத் தடுக்கப் பின்னால் ஓடுகிறார்கள். ஒரு நொடிக்கு நடுவில் ஒருவருமே இல்லை. அந்த நொடியில் பந்து பக்கத்தில் நிற்பவர் வயிற்றுக்குள் போகிறது. கொஞ்சம் முன்னால் கொடுத்தால் லைன்பேக்கர்கள் இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்கள். கொஞ்சம் பின்னால் கொடுத்தால் பாய்ந்து வருகிறவர்கள் இருவரையும் சேர்த்துச் சாய்த்துவிடுவார்கள். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் குவார்ட்டர்பேக் ஆட்டோ கிரேம் ஒரு நாள் தடுமாறிப்போய், வேறு வழியில்லாமல் பந்தை மேரியன் மாட்லியிடம் திணித்ததில் பிறந்த ஆட்டம் என்று சொல்வார்கள். மாட்லி மலை மாதிரி ஆள். கிரேம் எறியும்போதெல்லாம் பக்கத்தில் நின்று பாய்ந்து வருகிறவர்களைத் தாங்குவது அவர் வேலை. அத்தனை முறை அங்கே உண்மையாகவே நின்று அடி வாங்கியிருக்கிறார். அதனால்தான் அவர் அங்கே நின்றாலே பாஸ் என்று எதிரி நம்பினான்.

ஏன் எல்லா ஆட்டத்திலும் இதையே செய்வதில்லை என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

சரி, என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஒஹையோவில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அவன் பள்ளி அணியில் இடது கார்டு. எனக்கு அது வருத்தமாக இருந்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பையன்களின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வார்கள், ஊரே எழுந்து நிற்கும். இவன் சேற்றில் புரண்டு எழுந்து வருவான். ஒரு ராத்திரி சாப்பாட்டு மேஜையில் கேட்டே விட்டேன்: "பந்தைத் தொடாமலே ஆடறது ஒரு ஆட்டமாடா?"

அவன் கோபப்படவில்லை. சுண்டலுக்கு ஊற வைக்க அவன் அம்மா கொண்டைக்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளையில் பதினொன்று, கறுப்பில் பதினொன்று எடுத்து மேஜை மேல் வரிசையாக வைத்தான். வெள்ளையில் ஒன்றை விரலால் தொட்டு, "இது நான்" என்றான். கொஞ்சம் தள்ளியிருந்த கறுப்பைக் காட்டி, "இவன் ஆட்டம் முழுக்க என்னைத்தான் பாத்துக்கிட்டு இருப்பான்ப்பா, பந்தை இல்ல. நான் என்ன பண்றேனோ அதைத்தான் நம்புவான். முதல்லேர்ந்து நான் ஒழுங்கா காட்டிக்கிட்டே வந்தாத்தான் கடைசில ஒரு தடவை மாத்திக் காட்டலாம்" என்றான். அப்புறம் தன் கடலையை ஒரு நூல் அளவு பின்னால் இழுத்தான். கறுப்புக் கடலையை எடுத்து மேஜை ஓரம் வரை தள்ளினான். நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு மேஜை காலியாகத் தெரிந்தது.

கேட்டுக்கொண்டேன். புரிந்துகொள்ளவில்லை.

அக்டோபர் மாதம், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம். அலுமினியப் பலகை குளிரில் தொடையைச் சுட்டது. நான்காவது குவார்ட்டர், மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, போக வேண்டியது பன்னிரண்டு யார்டு. எல்லாரும் பாஸ் என்று எதிர்பார்த்தார்கள், நானும்தான். குவார்ட்டர்பேக் பையனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் எழுந்து கத்தியபோது பந்து எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை. அதற்குள் ஒரு பையன் நடுவே புகுந்து தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் முழங்கால் மேல் கம்பளி போர்த்தியபடி ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். அதற்கு முன்னால் பேசியதில்லை. என் கையைத் தட்டி, 64-ஆம் எண் உங்கள் பையன்தானே, அவன் தலையைப் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. குளிராகக்கூட இருக்கலாம்.

மறுநாள் மகன் பள்ளியிலிருந்து ஆட்டத்தின் ஒளிநாடாவைக் கொண்டு வந்தான். அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். பந்து கிளம்பியதும் அவன் நிமிர்கிறான். கைகளை மார்புக்கு முன்னால் வைத்து ஒரு அடி பின்னால் போகிறான். அதற்கு முன்னால் அன்றைக்கு நாற்பது தடவை உண்மையாகவே செய்த அதே அசைவு, மயிரிழை மாற்றமில்லை. எதிரே இருந்த பையன் அதைப் பார்த்ததும் திரும்பிப் பின்னால் ஒரு அடி, இரண்டு அடி போகிறான். என் மகன் அசையாமல் நிற்கிறான். திரையில் அது ஒரு நொடிகூட இல்லை. மூன்றாவது அடிக்கு அந்தப் பையனின் கால் தரையை விட்டு எழும்போது இவன் கிளம்புகிறான். அதற்கு முந்தின வாரம் இதே தந்திரத்தில் அவசரப்பட்டு அரை அடி முன்னால் சாய்ந்திருக்கிறான். எதிராளி புரிந்துகொண்டு வந்து, பந்தோடு வந்த இவன் நண்பனை மோதி விழுத்தியிருக்கிறான். நண்பனுக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. வாரம் முழுக்க ராத்திரியில் கொல்லைப்புறத்தில் இவன் ஒற்றை ஆளாக நிமிர்ந்து நிமிர்ந்து நின்றது எதற்கென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்கவில்லை.

நீங்கள் சொன்ன அந்த பாய்சி ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். இந்தத் தடவை ஜான்சனை விட்டுவிடுங்கள். முன்வரிசை ஐந்து பேரையும் வலது பக்கத்து மூன்று பேரையும் பாருங்கள். பந்து தங்களிடம் வரப்போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தாலும் அவர்களில் ஒருவன் தலையைத் திருப்பி ஜான்சன் போகிறானா என்று பார்த்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று. நான் இதைக் கோபமாகவே கேட்கிறேன், மன்னியுங்கள். 'ஏதோ ஓர் இடத்தில் நிற்கிறான்.' எந்த இடம், ஆர்.? கார்டா, டாக்கிளா, சென்டரா? ஒக்லஹோமாவின் தோல்வியை இவ்வளவு நுணுக்கமாக விவரிக்கத் தெரிந்த உங்களுக்கு, உங்கள் பையன் களத்தில் நிற்கும் இடத்தின் பெயர் தெரியவில்லை. பந்து வராததால் போவதில்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்ததும் அவனிடம் கேளுங்கள். கொஞ்சம் கொண்டைக்கடலை எடுத்து வையுங்கள்.

வெள்ளிக்கிழமை போய்விட்டு வந்து அவன் சட்டை எண்ணை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.